சீனாவில் முதல் நாட்களைக் கடைகளுக்குத் தாரை வார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் மட்டக்களப்பு நகரத்திலும் இப்போது கடைக் கதவுகளில் சீனச் சுற்றுலா விளம்பரங்கள் ஒட்டியிருக்கின்றன. பெருஞ்சுவர் படம், அரண்மனைப் படம், கீழே கொட்டை எழுத்தில் ஒரு விலை. இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போய் வந்தவர்களும் சிங்கப்பூர், மலேசியா பார்த்தவர்களும் அடுத்தது சீனாதான் என்கிறார்கள். போகட்டும், நல்ல விஷயம். நானும் அக்காவும் அண்மையில் அப்படி ஒரு குழுவோடு பீஜிங் போய் வந்தோம். வாழ்நாளில் ஒரு தடவைதான் முடியும் என்று சீட்டுப் பிடித்துக் காசு சேர்க்கிறவர்களுக்கு அந்த முதல் நாட்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன். எங்களைக் கூட்டிப்போன முகவரின் பெயரை எழுதவில்லை. அவர் ஒருவரோடு முடிகிற விஷயம் இல்லை இது.

முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. இரவெல்லாம் விமானத்தில் இருந்து கண் எரிச்சலோடு இறங்கிய எங்களை, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். அட்டவணையில் அரண்மனை என்று போட்டிருந்தது. மிங், சிங் வம்சங்களின் 24 பேரரசர்கள் இருந்து ஆண்ட, தடைசெய்யப்பட்ட நகரம் என்று உலகம் சொல்லும் அதே அரண்மனை. பஸ் பாதி வழி போன பிறகுதான் வழிகாட்டிப் பிள்ளை மைக்கைப் பிடித்து, இன்றைக்கு அரண்மனை பூட்டு, வெளியில் நின்று படம் எடுக்கலாம் என்றாள். அகழிக்கு இந்தப் பக்கம் நின்று சிவப்பு மதிலைப் படம் எடுத்தோம். அதோடு சரி.

திங்கட்கிழமைகளில் அந்த அரண்மனை மூடியிருப்பது இரகசியமான சங்கதி அல்ல. அரச விடுமுறை வந்தால் மட்டும்தான் விதிவிலக்கு. அதைவிட, வாசலில் போய் நின்று டிக்கட் எடுக்கிற வழக்கமும் அங்கே இல்லை. ஏழு நாளைக்கு முன்பிருந்தே இணையத்தில், ஒவ்வொருவருடைய கடவுச்சீட்டு இலக்கத்தையும் கொடுத்துப் பதிய வேண்டும். முன்னால் இருக்கிற தியனன்மென் சதுக்கத்துக்குள் கால் வைக்கவும் 2021 டிசம்பரில் இருந்து முன்பதிவு தேவை. கொழும்பில் இருந்துகொண்டே ஒரு முகவர் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பது பஸ் அடுத்து நின்ற இடத்தில் தெரிந்துவிட்டது.

நின்றது ஜேட் எனப்படும் பச்சைக்கல் விற்கும் கடை. நூதனசாலை என்றுதான் கூட்டிப்போனார்கள். முகப்பில் ஓர் இளைஞர் இயந்திரத்துக்கு முன்னால் இருந்து கல்லைக் குடைந்துகொண்டிருந்தார். ஒரே கல்லில், பந்துக்குள் பந்து, அதற்குள் இன்னொரு பந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே சுழலும்படி செதுக்கிய உருண்டையை எங்கள் கையில் தந்தார்கள். உள்ளதைச் சொன்னால் அது கைதேர்ந்த வேலை. அதைப் பார்த்தது சந்தோஷம்தான். அதற்குப் பிறகு கதவு திறந்தது. உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடி மேசைகள். வந்த வழியால் வெளியே போக முடியாது. எல்லா மேசைகளையும் தாண்டித்தான் வாசல் வருகிறது. விற்பனைப் பெண் இரண்டு வளையல்களை ஒன்றோடொன்று மெல்லத் தட்டி, சத்தத்தைக் கேளுங்கள், இது நல்ல கல் என்று அக்காவின் காதருகே பிடித்தாள். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். இருக்க ஒரு கதிரை இல்லை. "என்னகா இது, கடை பாக்கவா இவ்வளவு தூரம் வந்த நாம?" என்று என்னிடம் கேட்டா. பக்கத்தில் நின்ற கல்முனைக்காரர் ஒருவர் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு மணித்தியாலம் அங்கே போனது.

பிறகு தேநீர்க் கடை. தேயிலை விளையும் நாட்டிலிருந்து போன எங்களுக்குச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் விதம் விதமாக ஊற்றித் தந்தார்கள். மல்லிகைத் தேநீரின் மணம் எனக்குப் பிடித்தது, அங்கே வாங்கவில்லை. அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது மறுநாள் நடந்தது. பாரம்பரிய சீன வைத்தியம் காட்டுகிறோம் என்று ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப்போய், எல்லோரையும் வரிசையாக இருத்தி, வெந்நீர் வாளியில் கால் வைக்கச் சொன்னார்கள். நடந்து களைத்த கால்களுக்கு அது சுகமாகத்தான் இருந்தது. கால் ஊறிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை அங்கி போட்டவர்கள் வந்து நாடி பிடித்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். ஒருவருக்குச் சிறுநீரகம் பலவீனம், அடுத்தவருக்கு ஈரல், எனக்கு இரத்த ஓட்டம். எங்கள் வரிசையில் சுகமாக இருக்கிறார் என்று ஒருவரையும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் கல்லாற்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். நீண்ட காலமாக சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் ஆஸ்பத்திரிக் குளிசை எடுப்பவர். அவரைத் தனியே கூப்பிட்டு, இந்த மருந்தை எடுத்தால் குளிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூவாயிரம் யுவானுக்கு மேல், நம் காசில் ஒரு இலட்சத்தைத் தாண்டும், கொடுத்து இரண்டு பை நிறைய வாங்கிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்க என்று கொண்டுவந்த காசு அது. அன்றிரவு ஹோட்டலில் அவருடைய மனைவி என்னிடம் வந்து, இதை இவர் குடிக்கலாமா ரீச்சர் என்று கேட்டா. ஊருக்குப் போய் உங்கள் டொக்டரிடம் காட்டும்வரை பையைத் திறக்கவே வேண்டாம், குளிசையை ஒரு நேரமும் விட வேண்டாம் என்று சொன்னேன். எனக்கு வந்த கோபத்தில் நித்திரை வரவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விளம்பரத்தில் போடுகிற அந்த மலிந்த விலைக்கு ஹோட்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் கட்டாது. அங்குள்ள முகவர் அந்த இழப்பைக் கடைகளிலிருந்து வரும் தரகுப் பணத்தால் நிரப்புகிறார். வழிகாட்டிப் பிள்ளையின் சம்பாத்தியமும் பெரும்பாலும் அதில்தான். அவளை நான் கோபிக்கவில்லை. கெட்டிக்காரி, அக்காவின் கையைப் பிடித்துப் படிகளில் ஏற்றியவள். கோபம் எல்லாம் இதைத் தெரிந்துகொண்டே இங்கே டிக்கட் விற்கிறவர்கள் மேல்தான். ஏனென்றால், இது சீனாவிலேயே சட்டவிரோதம். 2013 ஒக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, நியாயமில்லாத குறைந்த விலையில் ஆட்களைச் சேர்த்து, கடைகளுக்குக் கொண்டுபோய்த் தரகு எடுப்பதைத் தடை செய்கிறது. பயணி தானாகக் கேட்காமல், இரு தரப்பும் ஒத்துக்கொள்ளாமல், குறித்த ஒரு கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது. மீறினால், பயணம் முடிந்து 30 நாட்களுக்குள் பொருளைத் திருப்பி எடுக்கவும், பணத்தை முதலில் தானே தரவும் முகவரைக் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. எங்கள் பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் இது தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது; வந்த பிறகுதான் படித்தேன்.

கடைகளுக்குப் போன நேரம் எங்கிருந்து கழிந்தது என்றும் சொல்ல வேண்டும். பெருஞ்சுவருக்கு ஒரு மணித்தியாலம்தான் தந்தார்கள். படாலிங் என்ற இடம்; 1957 இல் பொதுமக்களுக்குத் திறந்த பகுதி, சனமும் அங்கேதான் அதிகம். படிகள் ஒரே உயரம் இல்லை. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். அக்கா முதலாவது காவற் கோபுரத்தோடு நின்றுவிட்டா. பெருஞ்சுவரின் இன்னொரு பகுதியான முதியென்யூ பக்கம் போனால் கேபிள் காரில் ஏறி, ஆறுதலாக நடக்கலாம், கூட்டமும் குறைவு. வயதானவர்களோடு போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். மிங் காலத்தில் அந்தச் செங்கற்களை ஒட்ட, சுண்ணாம்போடு ஒட்டரிசிக் கஞ்சியைக் கலந்திருக்கிறார்கள். ஆய்வுகூடங்களில் பரிசோதித்தே இதை உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். வயலை நம்பி வாழ்கிற நம் சனத்துக்கு அந்தச் சுவரில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு கேட்க எவ்வளவு நல்ல கதை! அதைச் சொல்ல வழிகாட்டிக்கு நேரம் இல்லை. பஸ் புறப்படுகிறது, ஓடி வாருங்கள் என்பதுதான் அவள் சொன்னது.

எங்கள் குழுவில் காத்தான்குடி, சாய்ந்தமருதுக் குடும்பங்களும் இருந்தன. அவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, நியூஜியே பள்ளிவாசல். 996 இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் பள்ளி. வெளியே பார்த்தால் சீனக் கோயில்களின் கூரை, உள்ளே அரபு எழுத்து. பீஜிங் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு நேரமில்லை என்றார்கள். தேநீர்க் கடைக்கு நேரம் இருந்தது.

கடைசியில் நாங்கள் அரண்மனை பார்த்தது முகவரின் தயவால் அல்ல. ஓய்வு நாள் என்று அட்டவணையில் விட்டிருந்த நாளில், என்னிடம் படித்த ஒருவரின் மகன், அங்கே படிக்கிற பிள்ளை, எங்கள் கடவுச்சீட்டு விபரங்களை முன்னமே வாங்கிப் பதிந்து வைத்திருந்தான். தெற்கு வாசலால் நுழைந்து வடக்கு வாசல்வரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நடை. தண்ணீர், சப்பாத்து இரண்டையும் யோசித்துப் போக வேண்டும். மூன்று பெரிய மண்டபங்களுக்குப் பின்னால் படிக்கட்டின் நடுவே ஒரே கல்லில் செதுக்கிய பலகை ஒன்று சாய்ந்து கிடக்கிறது. முகில்களுக்கிடையில் ஒன்பது டிராகன்கள். நீளம் 16 மீற்றருக்கு மேல், எடை 200 தொன்னுக்கு மேல். பீஜிங்குக்குத் தென்மேற்கே உள்ள கல் குவாரியிலிருந்து மாரி காலத்தில் வழியெல்லாம் கிணறு வெட்டி, தண்ணீர் ஊற்றி, அது உறைந்து பனிக்கட்டியான பிறகு அதன் மேல் இழுத்து வந்திருக்கிறார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகர மனம் வரவில்லை.

அந்த அரண்மனையை 1406 இல் கட்டத் தொடங்கி 1420 இல் முடித்தவர் யொங்லே பேரரசர். வரலாறு படிப்பித்த எனக்கு அந்தப் பெயர் புதிதல்ல. இந்த வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டு ஒரு கல்வெட்டை எழுதுவித்து, கடற்படைத் தலைவர் செங் ஹேயிடம் கொடுத்து இலங்கைக்கு அனுப்பியவரும் அவர்தான். அதில் மூன்று மொழிகள். சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீக மொழியில் அல்லாஹ்வுக்கு, தமிழில் நம் நாட்டின் தெற்கே உள்ள தெவிநுவரையின் தெய்வமான தேனவரை நாயனாருக்கு. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு நூறு என்று மூவருக்கும் காணிக்கை ஏறக்குறைய ஒரே அளவு. அந்தக் கல் 1911 இல் காலியில் ஒரு மதகை மூடும் கல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனப் பேரரசர் ஒருவர் தமிழில் எழுதுவித்த கல் நம் நாட்டில் இருக்கிறது என்பதை, அவர் கட்டிய மண்டபத்தின் முன்னால் நின்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். "ரீச்சர், இத ஏன் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல?" என்று கேட்டான். தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து வாழ்கிற மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து போகிற குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறு என்ன இருக்கிறது? ஒரு தாளில் எழுதி வழிகாட்டியின் கையில் கொடுத்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

அன்று காலை, அரண்மனைக்கு முன்பு, வானக் கோயிலுக்கும் அவன் கூட்டிப்போனான். அதுவும் 1420 இல் கட்டியது. நல்ல விளைச்சல் வேண்டிப் பேரரசர் வருடத் தொடக்கத்தில் வழிபட்ட வட்ட மண்டபம். ஆணி அடிக்காமல் மரத்தை மரத்தோடு பூட்டிக் கட்டியது. 1889 இல் மின்னல் விழுந்து எரிந்து, திரும்பவும் அதே மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே 28 தூண்கள்: நடுவில் நான்கு பருவத்துக்கு நான்கு, அடுத்து மாதங்களுக்குப் பன்னிரண்டு, வெளியே ஒரு நாளின் பொழுதுகளுக்குப் பன்னிரண்டு. வழிபாட்டுக்கு முன் பேரரசர் மூன்று நாள் விரதம் இருக்க அங்கேயே தனி மாளிகை உண்டு. மழைக்கும் வயலுக்கும் என்று வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு நம் ஊர்களில் நோன்பு இருக்கிற மாதிரித்தான். அக்கா அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தா. வெளியே மரங்களுக்குக் கீழே அந்த ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், கட்டைச் சுவரில் இருந்து காட்ஸ் விளையாடுகிறார்கள். ஒரு அம்மா அக்காவின் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் இருக்க இடம் விட்டா. மொழி தேவைப்படவில்லை. இந்த இடம் எங்கள் அட்டவணையில் இருக்கவே இல்லை.

போகிறவர்களுக்குக் கைக்குதவியாக இன்னும் கொஞ்சம். அங்கே பெட்டிக்கடையில்கூட கைபேசியில்தான் காசு கொடுக்கிறார்கள். 2023 முதல் அலிபே, வீசாட் என்ற கைபேசிச் செயலிகள் இரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர் அட்டைகளை இணைக்கலாம். ஊரிலேயே வங்கியில் கேட்டு இணைத்துக்கொண்டு போங்கள். கைக்காசை மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி, ஆனாலும் சில்லறைக்கு அலைய வேண்டி வரும். ஹோட்டல் வைஃபையில் வட்ஸ்அப், கூகுள் ஒன்றும் வேலை செய்யாது. வீட்டாரைப் பயப்படுத்தாமல் இருக்க இங்குள்ள சிம்மில் ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். ஹோட்டலின் பெயரைச் சீன எழுத்தில் அச்சிட்ட அட்டையை ஆளுக்கொன்று எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். சுரங்க ரயில் மூன்று யுவானில் தொடங்குகிறது, வழி சுத்தம், பயம் இல்லை. தூரப் பயண ரயில் நிலையங்களிலும் அந்த ரயில்களிலும் குடிக்க வெந்நீர்க் குழாய் இருக்கும், ஒரு போத்தல் கொண்டு போங்கள்.

முகவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பீஜிங், ஷங்காய் என்று எல்லோரும் போகிற பாதையையே விற்காமல், ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள சுவான்சோவையும் சேருங்கள். சியாமென் நகரத்திலிருந்து வேக ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகலாம். தமிழ் வணிகர்கள் குடியிருந்த துறைமுகம் அது. 1281 இல் சீனத்தை ஆண்ட மங்கோலியக் கானின் நலம் வேண்டி அங்கே சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்த நகரத்துக் கையுவான் பௌத்த விகாரையின் பின்புறத் தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் இன்றும் இருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்ட இளவரசர் ஒருவரின் சந்ததியாருடைய கல்லறைகளும் அங்கே உண்டு. 2021 இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நம் சனம் இதைப் பார்க்கக் காசு கொடுக்காது என்று எந்த முகவர் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருவரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

முன்பணம் கட்டுகிறவர்கள் கட்டும் முன்பு நான்கு விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரண்மனைக்கு எந்தக் கிழமை, டிக்கட் யார் பெயரில் பதிந்தாயிற்று, பெருஞ்சுவரில் எத்தனை மணித்தியாலம், எத்தனை கடை. கடை ஒன்றும் இல்லை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். இங்கே ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

கல்லாற்றுப் பெரியவரின் மருந்துப் பைகள் இன்னும் திறக்கப்படவில்லை. பற்றுச்சீட்டின் பிரதி என்னிடம் இருக்கிறது, அவருடைய 30 நாளும் இன்னும் முடியவில்லை. இங்குள்ள முகவரிடம் போய்க் கேட்டோம். அது சீனக் கடைக்காரரின் பொறுப்பு என்று கையை விரித்தார். அந்தச் சட்டம் முகவரைத்தான் பொறுப்பாக்குகிறது. முகவருடைய பீஜிங் பங்காளிக்கு எழுதும் கடிதத்தை நானே தயாரித்துக் கொடுத்துவிட்டேன், முகவர் கையொப்பம் வைத்து அனுப்பினால் போதும். அந்த முகவர் தினமும் வாசிக்கிற பத்திரிகை உங்களுடையது என்பதால், இந்தக் கடிதத்தை நாள் கடக்கும் முன் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.